நிரப்பி வைத்த மழைமானி

மழை அதிகம் பெய்யாத ஊரில் மழையை அளப்பது எளிது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிவகாசி பாலகுரு ஆண்டில் முந்நூறு நாளுக்கு மேல் காலை எட்டரை மணிக்கு மாடியேறி, காலிப் பாட்டிலைப் பார்த்து, இறங்கி வந்து, சுழி என்று எழுதுவார். காலிப் பாட்டிலைத் தொடர்ந்து ஒரு மாதம் பார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள சிரமம் தெரியும்.

நாங்கள் மொத்தம் பதினான்கு பேர். தென் மாவட்டங்களில் ஆளுக்கொரு ஊரில் சொந்தச் செலவில் மழைமானி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் அளந்து, எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு எண்ணை அனுப்புவோம். எண்ணோடு வேறு செய்திகளும் போகும். யார் வீட்டில் போர் போட்டார்கள், யார் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு வாங்கினாள், யாருக்கு முட்டி வலிக்கிறது என்பதெல்லாம் மழைக்குக் கீழே எழுதப்படும். எழுதுவது தமிழ், அடிப்பது ஆங்கில எழுத்தில். நான் விருதுநகரில் தராசு பழுது பார்க்கிறேன். பெயர் ராஜபாண்டியன். பாலகுரு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறார். இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேரப் பஸ் தூரம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற தூரம் என்பதால், மூன்று ஆண்டுகளில் நாங்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

அச்சு மிஷின் ஓட்டுபவருக்கு மழை எதற்கு என்று கேட்கலாம். காகிதம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்தால் விரியும். ஒரு காலண்டர் படத்துக்கு நான்கு நிறம் வேண்டும். அவர்களுடைய மிஷினில் ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் ஏறும். மஞ்சள் ஓடியபோது இருந்த காகிதம் நீலம் ஓடும்போது மயிரிழை விரிந்திருந்தால், படத்திலுள்ள குழந்தையின் உதடு உதட்டை விட்டு விலகி நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்து பாலகுரு முதலில் ஈரத்தைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போய் மழையில் வந்து நின்றார்.

எங்கள் குழுவை நடத்துவது செங்கோட்டை பொன்னுத்தங்கம் டீச்சர். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார். குழுவுக்கு ஒரே விதி வைத்திருக்கிறார்: கண்ணால் பார்க்காத எண்ணை எழுதக் கூடாது, சுழியும் ஓர் எண்தான். வானம் பளிச்சென்று இருக்கிறதே, மழை எங்கே பெய்திருக்கப் போகிறது என்று படுக்கையில் இருந்தபடி சுழி எழுதுவது குற்றம். மாடியேறிப் பார்த்த சுழி மட்டுமே சுழி. இப்படி மூன்று ஆண்டுகள் ஒரு நாள்கூட விடாமல் எழுதினால் அந்த வீடு எங்கள் நிலையப் பட்டியலில் சேரும். அதுவரை பட்டியலில் இருந்தது டீச்சர் வீடு மட்டும்தான். ஒருவர் சபரிமலைக்குப் போய் விட்டார். இன்னொருவர் கல்யாணம் செய்துகொண்டார்.

பாலகுரு 2005 ஜூன் ஒன்றாம் தேதி தொடங்கியவர். 2008 மே முப்பத்தொன்று வந்தால் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு காலைகள். கொழுந்தியாள் கல்யாணத்தன்று தாலி ஏறிய கையோடு பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு ஓடி வந்து அளந்தவர். அவர் மனைவி இசைவாணி ஒருமுறை போனில் என்னிடம் சொன்னார்:

"பாலிடெக்னிக் ஒரு வருசம். டைப்ரைட்டிங் லோயரோட சரி. இந்தில ரெண்டு பரீட்சை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பிச்சு முன்பக்கத்தோட நிக்கிது. இந்த மனுசன் முடிச்சதுன்னு ஒண்ணாவது இருக்கட்டும்ணே. இதுக்கு மட்டும் நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுழி எழுதினார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. குடல்வால் வீங்கியிருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோய் உடனே அறுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் பதின்மூன்று காலைகள் பாக்கி. கார் கிளம்பும்போது எதிர்வீட்டு சோணைமுத்துவைக் கூப்பிட்டு, தினமும் எட்டரைக்கு மாடியில் உள்ள டப்பாவைப் பார்த்து விருதுநகரில் இருக்கும் எனக்குப் போனில் சொல்லும்படி கேட்டுக்கொண்டாராம். அதற்கு மேல் விளக்க அவரால் முடியவில்லை. குனிந்துகொண்டே ஏறிப் போய்விட்டார்.

சோணைமுத்து பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். இருபது ஆண்டு சர்வீஸ். பாலகுருவைவிட வயதில் மூத்தவர். நம்பகமான ஆள் என்று இசைவாணி சொன்னார். அது உண்மை என்பதால்தான் இந்தக் கதையே நடந்தது.

திங்கள் காலை எட்டு முப்பத்திரண்டுக்கு என் செல்போன் அடித்தது.

"சார், நான் சோணைமுத்து பேசுறேன். சிவகாசி. டப்பாவப் பாத்துட்டேன். சரியா இருக்கு."

"சரியா இருக்கா? ரொம்ப நன்றிங்க."

"நாளைக்கும் பாத்துருவேன். நீங்க கவலப்படாதீக."

விருதுநகரில் மேகமே இல்லை. சரியாக இருக்கிறது என்றால் வழக்கம்போல இருக்கிறது என்று பொருள். வழக்கம் என்றால் சுழி. கடைக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், சிவகாசி, சுழி என்று அனுப்பினேன். செவ்வாயும் சரியாக இருந்தது. புதனும் சரியாக இருந்தது. மூன்று சுழிகள் அனுப்பினேன். குழுவில் எல்லாரும் பாலகுருவுக்கு ஆறுதல் எழுதினார்கள். அம்பாசமுத்திரத்துக்காரர் ஆப்பரேஷனுக்குப் பிறகு எந்தக் கிழமை இட்லி, எந்தக் கிழமை குழைந்த சோறு என்று அட்டவணையே போட்டு அனுப்பினார். தூத்துக்குடிக்காரர் தன் வயிற்றுத் தையலின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதினார். நாங்கள் அளக்கிற கூட்டம்.

புதன் சாயங்காலம் சிவகாசியில் மட்டும் இடி மழை. விருதுநகருக்குக் குளிர்ந்த காற்றுதான் வந்தது. வியாழன் காலை போன் அடித்ததும் பேப்பரும் பேனாவுமாக எடுத்தேன்.

"சரியா இருக்கு சார்."

"பாட்டில்ல எம்புட்டு இருக்குங்க?"

"ரொம்பி இருக்கு."

எனக்குப் புரியவில்லை. அந்தப் பாட்டில் நிறைய வேண்டுமென்றால் எழுபது மில்லிமீட்டர் பெய்திருக்க வேண்டும். சிவகாசிக் கடைவீதியில் படகு விடும் அளவு மழை அது.

"கழுத்து வரைக்குமா? அம்புட்டு மழையா?"

"மழை என்னமோ முக்கால் மணி நேரந்தான். பாட்டில் திங்கக்கெழமையே ரொம்பிருச்சே."

"திங்கக்கெழமை மழையே இல்லையே?"

"மழை எதுக்கு? நான்ல ஊத்துனேன்."

நான் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எதுக்குண்ணே ஊத்துனீக?"

"காலியா இருந்துச்சு," என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்ற குரலில். "இன்னொண்ணு சார். இன்னைக்குப் பாத்தா பாட்டிலு நிக்கிற டப்பாவுக்குள்ளயும் தண்ணி கெடக்கு. துருப்பிடிக்காத டப்பாதான், ஆனாலும் கொட்டிக் கவுத்திட்டு..."

"கொட்டாதீக!"

எதிர்க்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தொடவே தொடாதீகண்ணே. மூடி வச்சது வச்சபடி இருக்கட்டும். நான் பஸ் ஏறி வர்றேன்."

"தொடலை. நேத்து நனைஞ்ச, வெடி காயப்போடுற களம் காயாம எங்க கம்பெனில இன்னைக்கு வேலை கெடையாது. நீங்க வர்ற வரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

டீச்சருக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டார்.

"நீங்க அனுப்புன மூணு சுழி, நீங்க பாத்ததா?"

"இல்ல டீச்சர்."

"அவர் பாத்துச் சொன்னதா?"

"சரியா இருக்குன்னு சொன்னார் டீச்சர்."

"போய்ப் பாருங்க," என்று வைத்துவிட்டார். முப்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவர்கள் அதிகம் பேசுவதில்லை.

பஸ் ஆமத்தூர் தாண்டும்போது பாலகுரு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. சிவகாசியில் மழை என்று கொழுந்தியாள் சொல்லியிருக்கிறாள். "மே மாச மழைங்க. எம்புட்டுன்னு சொல்லுங்க. நேத்துல இருந்து அதே நெனப்புதான்." அளந்துகொண்டிருக்கிறோம் என்றேன். இவ்வளவு நேரமாகவா என்று கேட்டார். கவனமாக அளக்கிறோம் என்றேன்.

இங்கே அந்த மழைமானியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே ஒரு புனல். அதன் வாய்ப்பரப்பு நூறு சதுர சென்டிமீட்டர் வருகிற மாதிரி பாலகுரு தேடிப் பிடித்து வாங்கியது. நூறு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் மழை விழுந்தால் பத்து மில்லி தண்ணீர். அதாவது பத்து கிராம். புனலின் குழாய் ஒரு பழைய ஸ்குவாஷ் பாட்டிலுக்குள் இறங்குகிறது. பாட்டிலின்மேல் மில்லிமீட்டர் கோடுகள் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கிறது. பாட்டில் நிற்பது பத்து லிட்டர் பெயிண்ட் டப்பாவுக்குள். புனலும் டப்பா மூடியும் ஒன்றாக ஒட்டியவை. ஆகவே புனல் வழியாக அல்லாமல் ஒரு துளி உள்ளே போகாது. பெருமழையில் பாட்டில் நிறைந்து வழிந்தால் அந்தத் தண்ணீர் வெளியே ஓடிவிடாமல் டப்பாவில் தங்கும். மூன்று ஆண்டுகளில் அதற்குத் தேவை வரவில்லை. ஆனாலும் பாலகுரு டப்பா வைத்திருந்தார்.

சோணைமுத்து மொட்டை மாடியில் மழைமானிக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்தார். நெட்டையான ஆள். பக்கத்தில் சிவப்பு வாளி ஒன்றில் மணல் இருந்தது.

"இது யார் வச்சது?"

"நாந்தான். தண்ணி மட்டும் இருந்தா போதுமா? மணலும் வேணும்ல."

பிறகுதான் விளங்கியது. பாலகுரு மாடி அறையில் வீணான அச்சுத் தாள்களைக் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருக்கிறார். அறை வாசலுக்கு நேராக மழைமானி. இருபது ஆண்டுகளாக சோணைமுத்துவின் முதல் வேலை, காலையில் ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் தொங்கும் தீயணைப்பு வாளியைப் பார்ப்பது. காலி வாளியை அவர் கண் பொறுக்காது. காகிதம் அடுக்கிய அறை, வாசலில் பாத்திரம், அதில் தண்ணீர் இல்லை. "இந்த அச்சாபீஸ்காரனுக்குப் பொறுப்பே இல்லைன்னு நெனச்சேன் அண்ணாச்சி. அதான் ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துலயும் என்னையப் பாக்கச் சொல்லிட்டுப் போறான்னு."

போனில் சார் என்றவர், நேரில் பார்த்ததும் அண்ணாச்சி ஆக்கிவிட்டார்.

நான் மூடியைத் தூக்கினேன். பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர். டப்பாவின் அடியில் இரண்டு விரற்கடைக்கும் குறைவாகத் தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு எனக்கு மெதுவாகச் சந்தோஷம் வந்தது. ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்த பாட்டிலில் ஒரு துளி விழுந்தால் ஒரு துளி வெளியே வர வேண்டும். வேறு வழியில்லை. ஆகவே மழை எவ்வளவோ, அவ்வளவும் டப்பாவில் இருக்கிறது. பாட்டிலை அரைகுறையாக நிரப்பியிருந்தால் தொலைந்தோம்.

"அண்ணே, ஊத்தும்போது எதுவரைக்கும் ஊத்துனீக?"

"விளிம்பு வரைக்கும். அரைவாளி நெரப்பி வைக்கிறவன்லாம் எங்க கம்பெனில இருக்க முடியாது."

பையிலிருந்து சின்னத் தராசையும் எடைக்கற்களையும் எடுத்தேன். டப்பாத் தண்ணீரை உலர்ந்த தூக்குச்சட்டியில் வடித்தேன். ஒட்டியிருந்த ஈரத்தை முன்பே எடை பார்த்து வைத்திருந்த துணியால் ஒற்றி, துணியையும் சேர்த்துத் தட்டில் வைத்தேன். சட்டி, துணி எடை போக இருநூற்று முப்பத்தெட்டு கிராம்.

"இருபத்து மூணு புள்ளி எட்டா?" என்றார் சோணைமுத்து. நான் விளக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இல்லை. ஊத்திட்டு மூடியத் திருப்பி வச்சீகள்ல, அப்ப புனல் குழாய் தண்ணிக்குள்ள எறங்கும். அந்தக் குழாயோட கனத்துக்குக் கொஞ்சம் தண்ணி வழிஞ்சிருக்கும். அது மழையில்லை."

"ஆமா, வழிஞ்சுச்சு. தெனமும் மூடியத் தூக்குனா கொஞ்சம் கொறையும். ஊத்துவேன். வைப்பேன், வழியும். இது என்னடா மாயம்னு நெனச்சேன்."

"எத்தன தடவ?"

விரலை மடக்கினார். "திங்கள், செவ்வா, புதன், இன்னைக்கு. நாலு."

அங்கேயே சோதித்துப் பார்த்தோம். பாட்டிலை நிரப்பி, மூடியை வைத்து, வழிந்ததை நிறுத்தோம். மூன்று முறையும் நான்கு கிராம். நான்கு தடவைக்குப் பதினாறு. இருநூற்று முப்பத்தெட்டில் போக இருநூற்று இருபத்திரண்டு. இருபத்திரண்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். மூன்றாவது சோதனையில் எடைக்கல்லைச் சோணைமுத்துவே வைத்தார்.

மழை எண் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று சுழிகள் பாக்கி. டீச்சரிடம் சொன்னபோது, அவரிடம் போனைக் கொடுங்கள் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"திங்கக்கெழம காலைல பாட்டில் காலின்னு எப்படித் தெரியும்?"

"காலியா இருந்ததாலதான ஊத்துனேன்? ரொம்புன வாளில எவனும் ஊத்துவானா தாயி?"

"கண்ணால பாத்தீங்களா?"

"கண்ணாலயும் பாத்தேன், கவுத்தும் பாத்தேன். ஒரு பல்லி குஞ்சு மட்டும் விழுந்துச்சு."

"சரி. அன்னைக்கு ஊத்திட்டீங்க. செவ்வாக்கெழம பாட்டில் நெறைஞ்சுல்ல இருக்கும்? முந்தின நாள் மழ பெய்யலன்னு பாட்டிலப் பாத்து எப்படிச் சொல்வீங்க?"

மழை பெய்யவில்லை என்று ஊரே சொல்லும். டீச்சர் ஊரைக் கேட்கவில்லை.

"பாட்டில வச்சு யார் சொன்னா? டப்பாவுல கைய விட்டுப் பாத்தேன்," என்றார் சோணைமுத்து.

"டப்பாவுல எதுக்குக் கைய விட்டீங்க?"

"வாளின்னா அடியத் தடவிப் பாக்கணும்ல தாயி, ஒழுகுதான்னு? தெனமும் தடவுவேன். செவ்வா, புதன் ரெண்டு நாளும் மூடி வைக்கையில வழிஞ்ச ஈரம் மட்டுந்தான். கையி நனையும், அம்புட்டுத்தான். இன்னைக்குத்தான் விரலு முங்குச்சு. அதான் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன்."

செங்கோட்டையில் டீச்சருக்குப் பக்கத்தில் யாரோ விசிலடிக்கும் குக்கரை அணைத்தார்கள்.

"ராஜபாண்டியன்."

"டீச்சர்."

"அவர் பாத்திருக்காரு. நீங்கதான் பாக்காம எழுதியிருக்கீங்க. உங்க மூணு சுழியையும் அடிச்சிட்டு, திரும்ப எழுதி, பார்த்தவர்னு அவர் பேரைப் போடுங்க. குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல நடந்ததை எழுதணும். எதையும் மறைக்கக் கூடாது."

"விட்டுப் போகலையே டீச்சர்? தொடர்ச்சி இருக்குல்ல?"

"எங்க விட்டுச்சு? தெனமும் ஒருத்தர் மாடியேறிப் பாத்திருக்காரே. நீங்க கேட்ட கேள்விதான் சரியில்லை."

நான் பாலகுருவுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னேன். இருபத்திரண்டு புள்ளி இரண்டு.

"புள்ளி ரெண்டா? என் பாட்டில்ல முழு மில்லிமீட்டர் கோடுதான இருக்கு?"

ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சோணைமுத்து, காகித அறை, தீயணைப்பு வாளி, விளிம்பு, புனல் குழாய், நான்கு கிராம், பல்லிக் குஞ்சு. அந்தப் பக்கம் முனகல் கேட்டது. இசைவாணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணே, சிரிக்க வைக்காதீக! தையல் பிரிஞ்சிரும்னு நர்ஸு திட்டுது."

"சிரிக்கிற மாதிரி நான் எதுவும் சொல்லலையேம்மா. குறிப்புக் கட்டத்துல இருக்குறதைத்தான் சொன்னேன்."

"இந்தா, வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுகுறாரு. எல்லாம் சரியாத்தான இருக்கு?"

சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லை அன்று முதல் நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. "ஒரு நாளும் விட்டுப் போகலைம்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலகுரு வீடு திரும்பினார். பதினைந்து நாளைக்கு மாடியேறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே மீதிக் காலைகளையும் சோணைமுத்துவே பார்த்தார். பார்த்தவர் கட்டத்தில் அவர் பெயரே தொடர்ந்து ஏறியது. ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தோம், ஊற்றவில்லை. முதல் இரண்டு நாள் அது அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததாகச் சொன்னார். காலிப் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்குவது தப்பு செய்கிற மாதிரி இருக்கிறதாம். நாங்கள் பதினான்கு பேரும் அவருக்குத் தைரியம் எழுதி அனுப்பினோம். பாலகுரு அவற்றைத் தெருவில் நின்று அவருக்குப் படித்துக் காட்டினார்.

முப்பத்தொன்றாம் தேதி நானும் போயிருந்தேன். பாலகுரு படிக்கட்டின் அடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிற்றில் துண்டைக் கட்டியிருந்தார். ஒல்லியான ஆள், மின்னஞ்சலில் கொஞ்சம் குண்டாகத் தெரிந்திருந்தார். சோணைமுத்து மேலே போனார். எட்டரை ஆனது.

"அண்ணே, பாத்தீகளா?"

"இருலே, பொறு."

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பாட்டிலைக் கவிழ்க்கும் சத்தம். பிறகு டப்பாவின் அடியில் கை உரசும் சத்தம்.

"பாட்டில் காலி!" என்று மேலிருந்து குரல் வந்தது. "டப்பா காலி! ஊத்தலை!"

பாலகுரு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துச் சுவரில் வைத்து, ஆயிரத்துத் தொண்ணூற்றாறாவது கட்டத்தில் சுழி போட்டார். பேனா சரியாக எழுதவில்லை. இன்னொரு முறை அதன்மேலேயே அழுத்திப் போட்டுவிட்டு, பக்கத்தில் சோணைமுத்து என்று எழுதினார்.